ஆற விடுதல்

‘பைப் ஒழுகுது’ என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறோம். நான் பார்த்த வரையில் பைப் ஒழுகுவது அபூர்வம். ஒழுகுவது மூட்டு. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிற அந்த இரண்டு விரற்கடை இடத்தில்தான் வம்பெல்லாம். ஆனாலும் கடையில் போய் நின்றால் பைப்பைப் பற்றியே ஒரு மணி நேரம் விசாரிப்போம்; எப்படி இணைக்கப்போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். நானும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம். கிணறு பள்ளத்தில், தென்னை மேட்டில். இடையில் 300 மீட்டர் தூரம், 20 மீட்டர் ஏற்றம், அதோடு என் அண்ணனின் பூமி. அப்பா காலத்தில் போட்ட இரும்பு லைன் துரு தின்று சல்லடையாகிவிட்டது. கிணற்றில் புறப்பட்ட தண்ணீரில் பாதி வழியிலேயே இறங்கிவிடும். புது லைன் போட வேண்டும். அதற்கு அண்ணன் காட்டைத் தோண்ட வேண்டும். பாகப்பிரிவினைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மாமா மூலமாகக் கேட்டு அனுப்பினேன். ‘தோண்டிக்கச் சொல்லுங்க’ என்று மாமா மூலமாகவே பதில் வந்தது.

முதலில் பைப். நம்மூரில் பாலித்தீன் பைப்பைக் கிலோவில் கேட்பார்கள். எடைக் கணக்கென்று புதியவர்கள் நினைப்பார்கள். அது அழுத்தக் கணக்கு. ‘ஆறு கிலோ பைப்’ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தம் தாங்குவது. பைப்பின் மேல் அதுவே பி.என். 6 என்று அச்சாகியிருக்கும். தண்ணீரைப் பத்து மீட்டர் ஏற்றினால் ஒரு கிலோ. என் 20 மீட்டருக்கு இரண்டு. உள்ளே உரசிக்கொண்டு போகிற நஷ்டத்துக்கு இன்னொன்று. ‘ஆறு கிலோவே தாராளமுங்க’ என்றார் கடைக்காரர். என் காதுக்கும் அதுதான் இனித்தது. கூட வந்திருந்த பைப் வேலைக்காரர், அறுபதைத் தாண்டிய பெரியவர், தலையை ஆட்டினார்: ‘பத்து எடுத்துக்கங்க.’

அவர் சொன்ன காரணங்களைப் பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். பைப்பின் மேல் போட்டிருக்கிற அழுத்தம் 20 டிகிரி வெப்பத்துக்கு எழுதிய கணக்கு. பி.இ. 100 என்று அச்சிட்டிருந்தால், அந்த 20 டிகிரியில் 50 ஆண்டுக்குத் தொடர்ந்து சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இழுவையை அதன் சுவர் தாங்கும் என்று பொருள். நம் வெயில் 20 டிகிரியில் நிற்குமா? 40 டிகிரிக்குப் போனால் அதே பைப் முக்கால் பங்குதான் தாங்கும். ஆறு கிலோ, நாலரைக்கு இறங்கிவிடும். கரண்ட் திடீரென்று போகும்போது மேட்டிலேறிய தண்ணீர் திரும்பி வந்து அடிக்கிற அடி வேறு. இத்தனையையும் நாலரைக்குள் அடக்க வேண்டும். ஆனால் பெரியவர் கடைசியாகச் சொன்ன காரணம்தான் எனக்கு அப்போது புரியவில்லை: ‘மூட்டுக்குச் சதை வேணுமுங்க.’ 75 மில்லிமீட்டர் பைப்பில் ஆறு கிலோவின் சுவர் மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பத்து கிலோவின் சுவர் நாலரை. இரண்டு முனைகளை உருக்கிச் சேர்க்கும்போது சேர்கிற பரப்பு அந்தச் சுவரின் தடிமன்தான். மெலிந்த சுவரில் கை பிசகினால் பிசகியதுதான்.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். இரும்புக் குழாயை உள்வாய் அளவைச் சொல்லி அங்குலத்தில் வாங்கிப் பழகியவர்கள் நாம். பாலித்தீனுக்கு வெளிச்சுற்றின் குறுக்களவைத்தான் சொல்வார்கள். வீட்டுக்குள் ஓடும் 25 மில்லிமீட்டர் பைப், பதினாறு கிலோ ரகமென்றால் உள்வாய் 20 மில்லிமீட்டர்தான். பழைய ஒரு அங்குலத்துக்கு இணையென்று நினைத்து 25 வாங்கிப்போய், மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஒழுக்காக வருகிறதென்று மோட்டாரைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஒரு அங்குலத்துக்கு 32 எடுக்க வேண்டும். குடிநீர் பைப் கருப்பு உடம்பில் நீலக்கோடு, ஐ.எஸ். 4984 என்ற எண். அந்தக் கருப்பு அழகுக்கு வந்ததில்லை. இரண்டு, இரண்டரை சதவீதம் கரித்தூள். வெயில் தின்னாமலிருக்கப் போடுவது. அச்சே இல்லாமல், உள்ளே சொரசொரப்பாக, பழைய பிளாஸ்டிக் வாடையோடு பாதி விலைக்கு வரும் கருப்புப் பைப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. வெந்நீருக்கும் இந்தப் பைப் ஆகாது. சூரிய வெந்நீர்த் தொட்டியிலிருந்து இதை இழுத்தவர்கள் அதே கோடையில் வருந்தியிருப்பார்கள்.

கடைசியில் பத்து கிலோ ரகமே, ஆறு மீட்டர் நீளத்தில் ஐம்பது பைப் வந்து இறங்கியது. ஐம்பது பைப்பென்றால் நாற்பத்தொன்பது மூட்டு.

பி.வி.சி.யாக இருந்தால் சொல்யூஷன் தடவி, சொருகி, கொஞ்சம் திருகி விட்டுவிடலாம். பாலித்தீனிடம் அது நடக்காது. சாதாரணப் பசை எதுவும் அதன் மேல் நிற்பதில்லை. சாதாரண சூட்டில் எந்தத் திரவமும் அதைக் கரைப்பதுமில்லை. அத்தனை வழவழப்பு, அத்தனை ஒட்டாமை. ஒழுகாத லைனுக்கென்று நாம் தேடிப் போகிற இந்தப் பொருள் பிறந்த கதையில் ஒரு ஒழுக்கு இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. 1933 மார்ச் 27 அன்று இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், வின்னிங்டன் என்ற ஊரில் ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஃபாசெட், கிப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எத்திலீன் வாயுவைப் பயங்கர அழுத்தத்தில் வேறொன்றோடு சேர்க்கப் பார்த்தார்கள். அது சேரவில்லை, பாத்திரத்தில் மெழுகு மாதிரி கொஞ்சம் வெள்ளையாகப் படிந்திருந்தது. திரும்பச் செய்தால் வெடித்தது. 1935 டிசம்பரில் அதே ஆய்வகத்தில் மைக்கேல் பெரின் மறுபடி முயன்றபோது கருவியின் இணைப்பொன்று ஒழுகியது. அழுத்தம் குறைந்ததைப் பார்த்துப் புதிதாக வாயுவை ஏற்றினார்கள். அந்த வாயுவில் துளியூண்டு ஆக்சிஜன் கலந்திருந்தது. அதுதான் வேலையைத் தொடங்கி வைத்தது. சில கிராம் வெண்பொடி கிடைத்தது. மூட்டு சரியாக இருந்திருந்தால் பாலித்தீன் இன்னும் சில வருடம் தாமதமாகியிருக்கும். அத்தனை பெரிய அழுத்தம் இல்லாமலே கெட்டியான பாலித்தீனைச் செய்யும் வழியை ஜெர்மனியில் கார்ல் சீக்லர் 1953இல் கண்டார். 1963இல் நோபல் பரிசு பெற்றார். என் தோட்டத்தில் கிடந்தது அவர் வழியில் வந்த வம்சம்.

ஒட்டாத பொருளை நிரந்தரமாக இணைக்க நல்ல வழி, இரண்டு முனையையும் உருக்கி ஒன்றாக்குவது. பெரியவரின் வேலையை முதல் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பைப்பையும் இரும்புச் சட்டத்தில் எதிரெதிரே படுக்க வைத்துப் பூட்டினார். நடுவில் சுழலும் சீவுதட்டை இறக்கினார். தேங்காய்ப் பூ மாதிரி தொடங்கிய சீவல், முறியாத ரிப்பனாக இரண்டு பக்கமும் வரும்வரை விடவில்லை. முனைகளைச் சேர்த்து விரல் நகத்தை வைத்து இடைவெளி பார்த்தார். சுத்தமான துணியால் துடைத்தார். துடைத்த பிறகு யாரையும் தொட விடவில்லை. ஒரு பையன் ஆர்வத்தில் விரல் வைத்தான். திட்டவில்லை, மறுபடி சீவினார். பிறகு தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு, 220 டிகிரிச் சூட்டில். அதன் இரண்டு பக்கமும் முனைகளை அழுத்தினார். ஓரத்தில் மெல்லிய உதடு பிதுங்கியதும் அழுத்தத்தைத் தளர்த்தி, வெறும் சூடு மட்டும் உள்ளே போகவிட்டார். வாய்க்குள் நாற்பத்தைந்து எண்ணினார். தட்டை உருவினார், சேர்த்தார். இதற்கு ஐந்து நொடிக்கு மேல் கூடாது. காற்றுப்பட்டால் மேல்தோல் கட்டிவிடும். சேர்ந்த இடத்தில் இரட்டை உதடாக ஒரு வளையம் புரண்டு வந்தது.

அதோடு வேலை முடிந்ததென்று எழுந்தேன். பெரியவர் எழவில்லை. சட்டத்தின் பிடி அப்படியே இருக்க, பீடியை எடுத்துப் பற்ற வைத்தார். ஏழு நிமிடம். கை வைக்கவில்லை, பைப்பை அசைக்கவில்லை, அடுத்த பைப்பைக்கூட உருட்டி வரவில்லை. ‘இது ஆறோணுமுங்க’ என்றார்.

நாற்பத்தொன்பது மூட்டுக்கும் ஏழு நிமிடமென்றால் ஐந்து மணி நேரத்துக்கும் மேலே. இரண்டு நாள் கூலியில் ஏறத்தாழ ஒரு நாள், நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறது. என் புத்தி இப்படிக் கணக்குப் போட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் மதியம் மூன்று மூட்டுதான் பாக்கி. மும்முனைக் கரண்ட் நிற்க இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் மோட்டாரைப் போட்டுத் தென்னையில் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டுமென்று ஒரு அரிப்பு. பெரியவர் நாற்பத்தேழாவது மூட்டைச் சேர்த்து வைத்துவிட்டு, கிணற்றடியில் வால்வு வேலை பார்க்கப் போனார். நான் ஒரு குடம் தண்ணீரை மொண்டு மூட்டின் மேல் ஊற்றினேன். ‘சொய்ங்’ என்றது. தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. பூட்டை அவிழ்த்து, பையனைப் பிடிக்கச் சொல்லி அடுத்த பைப்பைச் சட்டத்துக்கு இழுத்தேன். பெரியவர் திரும்பி வந்து ஈரத்தைப் பார்த்தார். ‘ஏனுங்க, தண்ணி ஊத்துனீங்களா?’ என்றார். அறுத்துவிட்டு மறுபடி போடலாம் என்றார். பார்க்க எல்லா மூட்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றேன். ‘பாக்க அப்படித்தானுங்க இருக்கும்’ என்றார். தோட்டம் என்னுடையது, அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அந்த ஏழு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். பாலித்தீன் என்பது நீள நீளமான நூல்களின் சிக்கல். சுமார் 130 டிகிரியைத் தாண்டினால் நூல்கள் தளர்ந்து, இந்தப் பக்கத்து நூல் அந்தப் பக்கத்துக்குள் நுழைகிறது. சூடு செய்கிற வேலை அவ்வளவுதான். கதவைத் திறந்து விடுகிறது. நுழைந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னி, அடுக்கடுக்காக உறைவது ஆறும்போதுதான். ஆறுகிறபோது அது சுருங்கவும் செய்யும். அதனால்தான் அதுவரை அழுத்தம் எடுக்கக்கூடாது. மேலே தண்ணீரை ஊற்றினால் தோல் மட்டும் இறுகி, உள்ளே இன்னும் இளகியிருப்பது தன் போக்கில் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களையும் இழுவையையும் வைத்துக்கொள்ளும். ஒழுங்காக ஆறின மூட்டு, பைப்பின் உடம்புக்குச் சமமான பலமுள்ளது. 2011இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் மண்ணே கூழாகிப் பழைய குழாய்கள் நூற்றுக்கணக்கில் உடைந்தபோது, உருக்கி இணைத்த பாலித்தீன் லைன்கள் வளைந்து கொடுத்துத் தப்பின.

என்னுடையதற்கு நிலநடுக்கம் தேவைப்படவில்லை. மூன்றடி ஆழத்தில் மூடின பதினோராம் நாள் காலை போன் வந்தது. அண்ணன். நாலு வருடத்தில் அவரே கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

‘தம்பி, நம்ம கீழ்வரப்புல ஈரம் கசியுது. வந்து பாரு.’

நாற்பத்தேழாவது மூட்டு அண்ணன் காட்டில் இருக்கிறது என்பது தோண்டும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பாகப்பிரிவினை நாளில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். சொத்தில் தகராறு இல்லை, கிணற்று முறையில்தான். அவருக்கு எத்தனை நாள், எனக்கு எத்தனை நாள். வார்த்தை தடித்தது, கதவு அறைந்து சாத்தப்பட்டது. சொந்தக்காரர்கள் அன்று சாயங்காலமே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, கையைப் பிடித்துச் சேர்த்து வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். சேர்ந்தோம், இருவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. உருகியிருந்தோம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. மறுநாள் காலையிலேயே முறைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன். சமாதானமாகிவிட்டோமே, இன்றே முடித்துவிடலாம் என்று. அந்த நோட்டின் கனத்தை முந்தின நாள் மூட்டு தாங்கவில்லை. இரண்டாவது முறை உடைந்தது முதல் முறையைவிட மோசம். எங்களிடம் பாசம் இல்லாமல் போய்விட்டதென்று ஊரில் சொன்னார்கள்; நானும் நாலு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

போன் வந்த மறுநாள் குழியைத் தோண்டி, மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, மூட்டை அறுத்து எடுத்தோம். பிளந்து பார்த்தால் முனையில் பாதிக்கு மேல் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. சேரவே இல்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. குழிக்குள் கிடக்கும் பைப்பை நகர்த்திச் சட்டத்தில் பூட்ட முடியாது. அதற்கு வேறு வழி: உள்ளே கம்பிச் சுருள் வைத்த இணைப்பி. இரண்டு முனைக்கும் மேல் மாட்டிக் கரண்ட் கொடுத்தால் உள்ளேயே உருகி ஒட்டும். மெஷினைக் கோயமுத்தூரிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தார் பெரியவர்.

மாட்டுவதற்கு முன் பைப்பின் வெளித்தோலைச் சுரண்டினார். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுப் பழசான அந்தத் தோல் இருக்கும்வரை கீழே இருக்கும் நல்ல பாலித்தீன் எதனோடும் சேராது. சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கோடெல்லாம் மறையும்வரை சுரண்டுவது முறை. அண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘இவ்வளவு சுரண்டோணுமா?’ என்றார் பெரியவரிடம். ‘புதுசு மாதிரிதாங்க இருக்கும், தோல் மட்டும் ஒட்டாது’ என்றார் அவர். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

உருகி முடித்ததும், இணைப்பியின் மேலேயே அச்சிட்டிருந்த ஆறும் நேரத்தைப் பெரியவர் வாசித்துக் காட்டினார். அது அசைக்காமலிருக்க வேண்டிய நேரம்; அழுத்தம் ஏற்ற ஒரு மணி நேரமாவது போகட்டும் என்றார். இந்த முறை நான் குடத்தைத் தொடவில்லை. அண்ணன் ஆள் விட்டு இளநீர் வெட்டி வரச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்தோம். அவர் காட்டுத் தென்னையில் வெள்ளை ஈ அடித்திருப்பதைப் பற்றிப் பேசினார். என் பையன் படிப்பைக் கேட்டார். முறையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் என்பது ஒன்றரை ஆயிற்று.

தமிழில் ‘ஆறு’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சொன்ன கிலோவும் ஆறு. ஓடும் தண்ணீரும் ஆறு. பழைய தமிழில் போகிற வழியும் ஆறு. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, நடந்து வந்தவன் இளைப்பாறுகிறான். இழவு வீட்டில் போய் நாம் சொல்வதற்கும் ஆறுதல் என்றே பெயர். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று கிண்டல் செய்த அதே வாய்தான் ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்றும் சொன்னது. எதற்கு எது என்று தெரிந்துகொள்வது நம் பாடு. சாப்பாட்டுக்கு இரண்டாவது பழமொழி சரி. சேர வேண்டிய விஷயங்களுக்கு முதலாவதுதான். உருக்கத்தை நாம் பெரிதாகக் கொண்டாடுகிறோம். சினிமாவில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுததும் திரை விழுந்துவிடுகிறது. சேர்வது திரை விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. அழுது முடித்த பின், ஒரு கனமும் ஏற்றாமல், ஒன்றையும் இழுத்துச் சோதிக்காமல், வெள்ளை ஈயைப் பற்றிப் பேசிக்கொண்டு கிடக்கிற அந்தச் சும்மா நேரத்தில்தான் ஒருவர் நூல் இன்னொருவருக்குள் போய்ப் பின்னிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. கூலிக் கணக்கில் அது நஷ்டம்.

எல்லா இணைப்பையும் உருக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டில், வீட்டுக்குப் பிரியும் இடத்தில், பாலித்தீன் பித்தளை வால்வைச் சந்திக்கிறது. வேறு வேறு பொருள். எவ்வளவு சூடாக்கினாலும் கலக்காது. அங்கே இறுக்கு மூட்டு: பைப்பின் நுனியைச் சாய்வாகச் செதுக்கி, சோப்புத் தண்ணீர் தொட்டு, ரப்பர் வளையத்தைத் தாண்டும்வரை உள்ளே தள்ளி, பல் வைத்த வளையம் கவ்விக்கொள்ள நட்டைத் திருக வேண்டும். திருகு மரையில் டெஃப்லான் டேப். ஜல் ஜீவன் திட்டம் 2019இல் தொடங்கிய பிறகு தெருத்தெருவாகத் தோண்டிக் கொடுத்த வீட்டு இணைப்புகளிலும் இந்த வகையைப் பரவலாகப் பார்க்கலாம். இதற்கு ஆறும் நேரம் கிடையாது, வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். வால்வு மாதிரி வேறு வகை மனிதர்களோடு அப்படி இருந்தால் போதும்.

அண்ணன் காட்டு மூட்டு ஆறின பிறகும் பெரியவர் குழியை உடனே மூட விடவில்லை. வெயிலில் நீண்டு கிடந்த பைப் இரவில் சுருங்கும். பாலித்தீன் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.2 மில்லிமீட்டர் வரை நீளும். 300 மீட்டர் லைன் முழுதும் திறந்து கிடந்தால், பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கு 90 சென்டிமீட்டர் வரை கணக்கு வருகிறது. முறுக்காக இழுத்துக் கட்டி மூடினால், ராத்திரி அந்த இழுவையெல்லாம் மூட்டுகளின் தலையில். அதனால் குழியில் திறந்திருந்த பைப்பைப் பாம்பு மாதிரி கொஞ்சம் நெளிய விட்டு, மறுநாள் விடியற்காலை மண் குளிர்ந்த நேரத்தில், கல்லில்லாத மணலை அடியிலும் மேலும் போட்டு மூடினோம். அண்ணன் வீட்டு ஆள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

கிணற்று முறை நோட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த தைக்குப் பிறகு அவரே அதைக் கேட்டார். ஒரு வாரம் வைத்திருந்து, பென்சிலில் இரண்டு திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். திருத்தம் சரியாகத்தான் இருந்தது.

லைன் போட்டு மூன்று கோடை போய்விட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்வரப்பில் கால் வைத்துப் பார்ப்பேன். மண் காய்ந்துதான் கிடக்கிறது.